சுவர் மீன்தொட்டியும் மறைந்திருக்கும் வடிகட்டியும்

இலக்கணமும் கட்டுரைப் பயிற்சியும் இன்று சற்று ஓய்வெடுக்கட்டும். சுங்கைப் பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டிற்கு வரும் நண்பர்கள் பெரும்பாலோர் ஒரே வினாவைக் கேட்கின்றனர். கூடத்துச் சுவரில் பதிந்திருக்கும் மீன்தொட்டியைச் சிறிது நேரம் பார்ப்பார்கள். உள்ளே குமிழி விடும் கருவி இல்லை. தொங்கும் மின்கம்பி இல்லை. மூலையில் அழுக்குப் பஞ்சும் இல்லை. "சார், மிஷினை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். அலமாரிக் கதவைத் திறந்து காட்டியதும், தங்கள் வீட்டிலும் இவ்வாறு செய்ய முடியுமா என்பது அடுத்த வினா. முடியும். ஆயினும் மறைப்பது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். அதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

இத்தொட்டி அழகுக்காக வந்தது அன்று. என் தாயாருக்கு வயது எண்பத்தொன்று. பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால் வெட்டியவர். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த பிறகு, கட்டிலும் சக்கர நாற்காலியுமே அவருடைய உலகம் என்றாகிவிட்டது. அவருடைய அறைச் சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். வரிசை வீடுகளில் வாழ்வோர் இதை அறிவர். கூடத்திற்கும் அவருடைய அறைக்கும் நடுவில் உள்ள சுவரைத் திறந்து, இரு பக்கமும் தெரியும்படி ஒரு தொட்டி வைத்தால் அவர் பார்த்துக்கொண்டிருக்க ஏதேனும் இருக்குமே என்று என் மனைவிதான் சொன்னார்.

அந்நிலையில், வடிகட்டியை மறைப்பது வெறும் ஒப்பனை வேலையாக இருக்க முடியாது. அம்மாவின் தலையணையிலிருந்து தொட்டி ஆறடி தூரம். இரவெல்லாம் பம்பு உறுமினால் அவருக்கு உறக்கம் இராது. நள்ளிரவில் தண்ணீர் வழிந்து தரை நனைந்தால், எழுந்து ஓட அவரால் இயலாது. ஈரத்தில் மின்சாரம் கசிந்தால் என்ன ஆகும் என்பதை எழுதவும் மனம் கூசுகிறது. ஆகவே ஓசையின்மை, வழியாமை, மின்கசிவின்மை ஆகிய மூன்றும் உறுதியானால் மட்டுமே சுவரில் கை வைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் சுவர். எங்கள் வீட்டில் அது தூண்களுக்கு இடையில் செங்கல் அடுக்கிய தடுப்புச் சுவர்தான். மேல்தளத்தைத் தாங்குவது அன்று. இதைப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து உறுதி செய்தார். நீங்களும் அவ்வாறு செய்யாமல் சுவரை உடைக்க வேண்டாம். தொட்டியின் நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 50 செ.மீ. பெருக்கிப் பாருங்கள்: 270 லிட்டர். தண்ணீர் மட்டுமே 270 கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 350 கிலோவைத் தாண்டும். ஐந்து பெரியவர்கள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பது போன்ற பாரம் அது. இப்பாரத்தைச் சுவர் தாங்கக்கூடாது. கீழ்த்தளத்தின் மீது எழுப்பிய கான்கிரீட் மேடைதான் தாங்க வேண்டும். அதைப்போலவே மேலே உள்ள செங்கற்களின் பாரத்தைக் கண்ணாடி தாங்கக்கூடாது. திறப்பின் மேல் கான்கிரீட் உத்தரம் ஒன்று வேண்டும். கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையில் இரண்டு செ.மீ. இடைவெளி விட்டு, அதை மரச்சட்டத்தால் மூடினோம். பார்ப்பவர்களுக்குத் தொட்டி சுவரோடு ஒட்டியிருப்பது போல் தோன்றும். உண்மையில் அது எதையும் தொடாமல் தனியாக நிற்கிறது.

வடிகட்டி இருப்பது தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள். மேல்தொட்டியிலிருந்து வழியும் நீர் குழாய் வழியே கீழ்த்தொட்டிக்கு இறங்குகிறது, அங்குத் தூய்மையாகிறது, பம்பு அதைத் திரும்ப மேலே அனுப்புகிறது. இவ்வளவுதான் தத்துவம். இதில் என்னை மிகவும் கவர்ந்தது வழிவுப் பெட்டி. தொட்டியின் பின்மூலையில் கறுப்புக் கண்ணாடியால் தடுத்த ஒரு சிறு பெட்டி. அதன் மேல்விளிம்பில் சீப்பின் பற்களைப்போல் வெட்டுகள். நீர்மட்டம் அவ்விளிம்பைத் தாண்டும்போது மிகுதி நீர் மட்டும் பற்களுக்கு இடையே வழிந்து உள்ளே விழும், மீன் விழாது. நம் முன்னோர் ஏரிக்கரையில் கட்டிய கலிங்கு இதுவேதான். தமிழகத்துப் பழைய ஏரிகளின் கலிங்குகளில் விளிம்பின்மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். முதன்முதலாக இந்தப் பெட்டியைப் பார்த்தபோது அக்கற்கள்தாம் என் நினைவுக்கு வந்தன. மீன் வளர்ப்புக் கையேடுகளில் இதற்கு வேறு பெயர் எழுதியிருப்பார்கள். நான் கலிங்கு என்றே சொல்கிறேன். என் மாணவர்களும் இப்பொழுது அப்படியே சொல்கிறார்கள்.

கலிங்கிலிருந்து இறங்கும் நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போனால் குழாயில் கொடகொடவென்று ஓசை எழும். எனவே இறங்கு குழாய்கள் இரண்டு வைத்தோம். முதற்குழாயில் ஒரு திருகு அடைப்பான் உண்டு. அதைச் சிறிது சிறிதாக மூடி, குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும்படி செய்துவிட்டால் காற்று நுழையாது, ஓசையும் எழாது. இரண்டாம் குழாய் சற்று உயரமானது. அதற்கு அடைப்பானே கிடையாது. இலையோ நத்தையோ போய் முதற்குழாயை அடைத்துக்கொண்டால் நீர் இரண்டாம் குழாய் வழியே இறங்கும். அப்போது எழும் சலசலப்பே நமக்கு எச்சரிக்கை மணி. குழாய்களுக்கான துளைகளைத் தொட்டி செய்யும் கடையிலேயே போட்டுவிட வேண்டும். சூடேற்றிக் கடினமாக்கிய கண்ணாடியில் பின்னர்த் துளை போட முடியாது. முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும்.

இனி, எங்களுக்கும் குத்தகைக்காரருக்கும் இடையே எழுந்த கருத்து வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அவர் கைநேர்த்தி உள்ளவர். அவருடைய ஆசையெல்லாம் எதுவுமே கண்ணில் படக்கூடாது என்பது. பம்பிலிருந்து நீர் திரும்பும் குழாயின் முனை மேற்பரப்புக்கு அருகில் இருந்தால் தெரிகிறதே, பதினைந்து செ.மீ. கீழே கல்லுக்குப் பின்னால் ஒளித்துவிடலாம் என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. நான் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, அந்தக் கணக்கை மறுநாள் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்தேன்.

கணக்கு இதுதான். மின்சாரம் நின்றுவிட்டது, பம்பு ஓடவில்லை. குழாய் முழுவதும் நீர் நிறைந்திருப்பதால், மேல்தொட்டி நீர் அதே குழாய் வழியாகத் தானே பின்னோக்கி இறங்கும். முனைக்குள் காற்றுப் புகும்வரை அது நிற்காது. கீழ்த்தொட்டியின் அளவு 75 செ.மீ., 35 செ.மீ., 40 செ.மீ.; அதாவது 105 லிட்டர். அதில் பாதி உயரத்திற்கு எப்போதும் நீர் உண்டு. எஞ்சிய காலியிடம் 52.5 லிட்டர். குழாய் முனை மூன்று செ.மீ. ஆழத்தில் இருந்தால் இறங்கும் நீர் 16.2 லிட்டர்; கலிங்குப் பெட்டியில் உள்ள நீர் 7.2 லிட்டர், குழாய்களில் உள்ளது ஏறத்தாழ 2 லிட்டர். மொத்தம் 25.4 லிட்டர்தான். கீழ்த்தொட்டி கவலையின்றி ஏற்றுக்கொள்ளும். முனை பதினைந்து செ.மீ. ஆழத்தில் இருந்தாலோ 81 லிட்டர் இறங்கும். மற்றவை சேர்ந்து 90.2 லிட்டர்.

வகுப்பில் ஒரு மாணவி கையை உயர்த்தி, "அப்படின்னா 37.7 லிட்டர் பாட்டி ரூம்ல வந்துரும் சார்!" என்றாள். பாடநூல் கணக்கில் நீர் எங்கே வழிந்தாலும் பிள்ளைகள் கவலைப்பட்டு நான் கண்டதில்லை. அன்று எல்லாரும் கவலைப்பட்டார்கள். குழாயில் சிறு துளை ஒன்று போட்டால் காற்றுப் புகுந்து நின்றுவிடுமே என்று ஒரு மாணவன் யோசனை சொன்னான். நல்ல யோசனை, மீன் வளர்ப்போர் பலரும் செய்வதுதான். ஆனால் அத்துளையைப் பாசி அடைத்துவிட்டால்? ஆகவே துளையும் இருக்கட்டும், அது இல்லாவிடினும் வழியாதபடி இடமும் இருக்கட்டும் என்று வகுப்பு தீர்மானித்தது. குத்தகைக்காரரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு முனையை மேலே வைத்தார்.

அலமாரியின் முகப்பைச் சிமெண்டு பூசி ஓடு பதித்து, ஓரடிச் சதுரத் திறப்பு மட்டும் வைக்கலாம் என்ற அவருடைய இன்னொரு யோசனையையும் ஏற்கவில்லை. கை புகாத இடத்தைத் தூய்மைப்படுத்துவார் எவரும் இலர். கூடத்துப் பக்கம் முழு அகலத்திற்கும் இரண்டு கதவுகள். கீழ்த்தொட்டியை அப்படியே வெளியே இழுக்கும் அளவு இடம். தொட்டிக்கு மேலும் ஓரடி உயரத்திற்குத் தூக்கித் திறக்கும் பலகை. கதவுகளில் காற்றுப் போக வரிவரியாகத் திறப்புகள். அலமாரி அலுமினியத்தால் ஆனது. ஈரமும் கரையானும் சேர்ந்தால் மரப்பலகை நம் ஊரில் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைச் சமையலறையில் மர அலமாரி வைத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உண்மையைச் சொன்னால், தொட்டியைவிட அலமாரிக்கே அதிகம் செலவானது.

மின்சார வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடமே விட்டோம். 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் தனிக் காப்புக் கருவியை இத்தொட்டிக்கென்றே பொருத்தினார். மின்செருகி அலமாரியின் மேற்பகுதியில், நீர்மட்டத்திற்கு மேலே உள்ளது. கம்பி கீழே வளைந்து பிறகு மேலேறிச் செருகிக்குச் செல்கிறது. கம்பி வழியே நீர்த்துளி வந்தாலும் வளைவிலேயே சொட்டிவிடும். செலவில்லாத காப்பு இது. வீட்டில் ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் இன்றே செய்துகொள்ளலாம்.

பம்பு வாங்கும்போது பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். எங்களுடையதில் மணிக்கு 2000 லிட்டர் என்று இருந்தது. அது நீரை மேலேற்றாமல் அளந்த அளவு. மேலே ஏற்ற ஏற்றக் குறையும். பத்து லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்தேன்: 33 விநாடி. அப்படியானால் மணிக்கு ஏறத்தாழ 1090 லிட்டர். தொட்டி நீர் ஒரு மணி நேரத்தில் நான்கு முறை சுற்றி வருகிறது. இதுவே போதும். வெளிநாட்டு நூல்களில் நீரைச் சூடாக்கும் கருவியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கெடாவில் இருக்கும் நமக்கு அந்தப் பக்கங்களால் பயனில்லை.

இனிமேல் சொல்வதுதான் முதன்மையானது. கீழ்த்தொட்டியில் மூன்று அறைகள். முதல் அறையில் வெள்ளைப் பஞ்சு. கண்ணுக்குத் தெரியும் கசடு அங்கே தங்கும். மூன்றாம் அறையில் பம்பு. நடு அறையில் கடற்பஞ்சு போன்ற கறுப்புப் பஞ்சும், துளைகள் நிறைந்த செராமிக் வளையங்களும். இந்த நடு அறையில்தான் உண்மையான வேலை நடக்கிறது. மீன் வெளியிடும் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் நஞ்சுதான். வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அது ஓரளவு வரை தீங்கற்றது. வளையங்களில் ஒட்டிக்கொண்டு வாழும் அந்த உயிர்களே வடிகட்டி. மற்றவை எல்லாம் அவற்றுக்கு நாம் கட்டிக் கொடுத்த வீடு.

இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் 1853-இல் திறக்கப்பட்டது. இவ்வுயிர்களைத் தனியே பிரித்துக் காட்டிய வினோகிராட்ஸ்கியின் ஆய்வு வெளிவந்ததோ 1890-ஆம் ஆண்டை ஒட்டி. மீனைக் காப்பது யார் என்று தெரியாமலேயே நாற்பது ஆண்டு மீன் வளர்த்திருக்கிறார்கள்! நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோஸ்பைரா இனம் என்பதை 1998-இல்தான் ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். அதுவரை வேறோர் இனத்தையே பாடநூல்கள் சொல்லி வந்தன. அதே நைட்ரோஸ்பைராவில் இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் வகையும் உண்டு என்பது 2015-இல் வெளியானது. அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் பழைய படத்தை வகுப்பில் மாட்டுவதற்கு முன் இதைக் கருத்தில் கொள்ளலாம்.

இவ்வுயிர்கள் கடையிலிருந்து வாங்கி வந்த அன்றே வேலை தொடங்குவதில்லை. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய நாளிலேயே இருபது மீனையும் வாங்கிக்கொண்டு போகும் பெற்றோரைப் பார்க்கிறேன். மூன்றாம் நாள் பிள்ளை அழுகிறது. மீன் ராசியில்லை என்று பாட்டி சொல்கிறார். ராசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எங்கள் தொட்டியில் மீனின்றி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் போட்டு வந்தோம். பள்ளி அறிவியல் அறையில் உள்ள பழைய தொட்டியின் பஞ்சைக் கொண்டுவந்து கீழ்த்தொட்டியில் பிழிந்துவிட்டோம். அதிலிருந்த உயிர்கள் இங்கே குடியேறட்டும் என்பதற்காக. புதுத் தண்ணீர் விடும்போதெல்லாம் குழாய் நீரில் உள்ள குளோரினை அகற்றக் கடையில் விற்கும் 'ஆன்டி குளோரின்' படிகங்களைக் கலந்தோம். குளோரின் மீனை மட்டுமா கொல்லும்? இவ்வுயிர்களையும் கொல்லும்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்னய்யா, வெறுந்தண்ணிய எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டுக் கெடக்கிறது?" என்று தினமும் கேட்டார். எண்பத்தொரு வயதில் ஐந்து வாரம் காத்திரு என்று சொல்வது எளிதன்று. ஒரு நாள் சோதனைக் குப்பியில் மருந்து விட்டு, நிறம் மாறுவதைக் காட்டி, "இதுதான்மா அம்மோனியா, இது இல்லாமப் போனாத்தான் மீன் விடலாம்" என்றேன்.

"பால் கட்டிப் போகாம இருக்க ஸ்டோர்ல ஊத்துவாங்களே, மூக்கக் குத்துமே, அதுவா?" என்று கேட்டார்.

அதுவேதான். இரப்பர்ப் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பது இன்றும் உள்ள வழக்கம். தொழிற்சாலையில் பாலை உறைய வைத்த பிறகு எஞ்சும் கழிவுநீர் எங்கே போனது என்று கேட்டேன். முதலில் அப்படியே ஓடைக்குத்தான் போனதாம். பின்னர் வரிசையாகக் குட்டைகள் வெட்டினார்களாம். "மொதக் குட்டை நாறும். கடைசிக் குட்டை பச்சையா இருக்கும், நாத்தம் அவ்வளவா இருக்காது." மலேசியச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்தது, இரப்பர்த் தொழிற்சாலைகளுக்கான கழிவுநீர் விதிகள் 1978-இல் வந்தன. அம்மா சொன்ன குட்டைகள் அவ்விதிகளை ஒட்டியவையாகத்தான் இருக்க வேண்டும். முதற்குட்டையில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள். அடுத்தடுத்த குட்டைகளில் பாசியும் காற்றைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்களும். நாங்கள் அலமாரிக்குள் மூன்று அறைகளில் வைத்திருப்பதன் பெரிய உறவினர்களை அவர் தினமும் கடந்து போயிருக்கிறார். நான் விளக்க வந்ததை அவரே எனக்கு விளக்கிவிட்டார். அன்று முதல் "மீன் எப்ப வரும்?" என்று கேட்பதை விட்டு, "கலர் மாறிடுச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்.

முப்பத்தேழாம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி ஆயின. மீனைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு காரணம் உண்டு. மின்தடை நீடித்தால் நீரில் உயிர்வளி குறையும். முத்துக் கோராமி நம் தீபகற்பத்தைச் சேர்ந்த மீன், செப்பாட் இனம். நீருக்கு மேலே வந்து காற்றையும் சுவாசிக்கும். அதில் ஆறு வாங்கினோம். ராஸ்போரா பன்னிரண்டு. அவற்றுக்காக, மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றையும் அலமாரியில் வைத்திருக்கிறோம். தூண்டில் கடைகளில் கிடைக்கும். கோராமியைப் பார்த்ததும் அம்மா, "இது நம்ம அல்லூர்ல கெடந்த மீனுக்குத் தங்கச்சி மாதிரியில்ல இருக்கு" என்றார்.

தொட்டியைத் தூய்மையாக்க 'ஈக்கான் பண்டாராயா' ஒன்று போடுங்கள் என்று பலரும் அறிவுரை கூறினார்கள். மாநகராட்சி மீன் என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு மிகுதிதான். அது கண்ணாடியில் உள்ள பாசியைத் தின்னும். தின்றதைத் தொட்டிக்குள்ளேயே கழிக்கும். அம்மோனியா கூடுமேயன்றிக் குறையாது. பெரிதானதும் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அம்மீன் கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி இங்குள்ள மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூடா ஆற்றுக்கும் மெர்போக் ஆற்றுக்கும் அதே கதி நேர வேண்டாம் என்று உங்கள் மாணவர்களிடம் சொல்லி வையுங்கள்.

மீன் விட்ட அன்று மாலை மின்விசையை நிறுத்திச் சோதனை செய்தோம். மேல்தொட்டி நீர் மூன்று செ.மீ. இறங்கி நின்றது. கீழ்த்தொட்டி விளிம்புக்கு வெகு கீழேயே நீர் நின்றது. மீண்டும் போட்டோம், ஏறியது. அம்மாவின் கட்டிலில் அமர்ந்து காது கொடுத்துக் கேட்டேன். மின்விசிறியின் ஓசைதான் கேட்டது. அவ்வளவு அமைதி அவருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, "தண்ணி ஓடுதா இல்லையான்னே தெரியலையே" என்றார். அடைப்பானை மிகச் சிறிதளவு திறந்துவிட்டேன். மெல்லிய சலசலப்பு வந்தது. அந்த அளவிலேயே விட்டுவிட்டோம்.

இப்பொழுது ஞாயிறுதோறும் வெள்ளைப் பஞ்சை மாற்றுகிறேன். நடு அறையின் வளையங்களைத் தொடுவதே இல்லை; மிகவும் கசடு படிந்தால் தொட்டி நீரிலேயே ஒருமுறை அலசுவேன், குழாய் நீரில் ஒருபோதும் இல்லை. பம்பு அறையில் சிவப்பு நாடா ஒட்டிய கோடு உண்டு. ஆவியாகி நீர் அதற்குக் கீழே இறங்கினால் பம்பு காற்றை இழுத்துச் சூடேறிவிடும், எனவே நாள்தோறும் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஊற்றுகிறோம். இரு வாரத்திற்கு ஒருமுறை ஐம்பது லிட்டர் நீரை மாற்றுகிறோம். எடுத்த நீரில் நைட்ரேட் இருப்பதால் செடிகளுக்கு அது நல்ல உரம். எந்த வாளி கறிவேப்பிலைக்கு, எந்த வாளி வாழைக்கு என்பதைக் கட்டிலில் இருந்தபடியே அம்மா சொல்கிறார். என் மகன் தூக்கிக்கொண்டு போகிறான்.